ஊருக்கு வெளியே – 7: மடங்கிய விரல்கள்

தொழுநோயைத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பெருவியாதி என்றன. நோய் கண்டவரைத் தோட்டத்துக் குடிசையிலோ மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ ஒதுக்கி, தட்டும் குவளையும் தனியே கொடுத்தார்கள். புண் வெளியே தெரியத் தொடங்கியதும் ஊரைவிட்டே அனுப்பிவிடுவது வழக்கம். அதற்குப் பிறகு அவருக்கு மிஞ்சியவை கோயில் வாசலும் ரயிலடியும் நீட்டிய கையும்தான். சட்டமும் ஊரின் பக்கமே நின்றது. 1898இல் பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம், ஏழைத் தொழுநோயாளிகளைப் பிடித்து விடுதிகளில் அடைக்க அதிகாரம் தந்தது. பொதுக் கிணற்றில் நீர் எடுப்பதையும் சில தொழில்களைச் செய்வதையும் தடுக்க இடம் கொடுத்தது. அந்தச் சட்டம் 2016வரை உயிரோடு இருந்தது.

பழைய யூதச் சட்டமும் இப்படித்தான் இருந்தது. லேவியராகமத்தின்படி, தோல்நோய் கண்டவர் கிழிந்த உடையோடு, தாம் தீட்டுள்ளவர் எனக் கூவிக்கொண்டே பாளையத்துக்கு வெளியே வாழ வேண்டும். அங்கே சொல்லப்படுவது இன்று தொழுநோய் என்று அறியப்படும் நோய்தானா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. வேறு தோல்நோய்கள் பலவும் அந்த ஒரே பெயரில் அடங்கியிருக்கலாம். ஆனால் ஒதுக்கலின் வடிவத்தில் ஐயமில்லை. அந்தப் பின்னணியில் இயேசு ஒரு குஷ்டரோகியைக் குணமாக்கும் நிகழ்ச்சியை மாற்குவின் சுவிசேஷம் சொல்கிறது. அதில் கவனிக்க வேண்டியது வரிசை. அவர் முதலில் தொடுகிறார். நோய் அதன் பிறகே நீங்குகிறது. தீட்டுக்கு அஞ்சி, குணமாகும்வரை அவர் தள்ளி நிற்கவில்லை.

திருச்சபை அந்த வரிசையை எப்போதும் பின்பற்றியது என்று சொல்ல முடியாது. இடைக்கால ஐரோப்பாவில் ஊர் எல்லைக்கு வெளியே தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டி, சோறும் கூரையும் கொடுத்தது கிறித்தவ இரக்கம். அதே இரக்கம், நோயாளியை ஊரிலிருந்து பிரித்து அனுப்பத் தனிச் சடங்கையும் வைத்திருந்தது. தொழுநோயாளிகளோடு வாழச் சென்ற டேமியன் பாதிரியார் மொலோக்காய்த் தீவில் அந்தச் சுவரைத் தம் உடம்பால் உடைத்தார். நோயாளிகளோடு உண்டு, உறங்கி, 1889இல் அவர்களுடைய நோயாலேயே இறந்தார். ஆனால் அவர் கையில் மருந்து இல்லை.

இந்தியாவில் இந்தப் பணிக்கு வழிவகுத்தவர் வெல்லெஸ்லி பெய்லி என்ற அயர்லாந்துக்காரர். பள்ளி ஆசிரியராகப் பஞ்சாபுக்கு வந்த இடத்தில், 1869இல் அம்பாலாவில் சில தொழுநோயாளிகளின் குடிசை வரிசையைக் கண்டார். 1874இல் அயர்லாந்துக்குத் திரும்பி அங்குள்ள நண்பர்களிடம் அதைப் பற்றிப் பேசினார். ஆண்டுக்கு 30 பவுன் திரட்டித் தருவதாக அவர்கள் சொன்னார்கள். முதல் ஆண்டிலேயே அதைப் போலப் பல மடங்கு சேர்ந்தது. இன்று லெப்ரசி மிஷன் எனப்படும் அமைப்பின் தொடக்கம் அதுதான். அதன் உதவியோடு நாடெங்கும் விடுதிகள் எழுந்தன. சோறு, உடை, புண்ணுக்குக் கட்டு, ஞாயிறு ஜெபம் எல்லாம் கிடைத்தன. திரும்பிப் போக வழி மட்டும் இல்லை. நோயாளி அங்கேயே முதிர்ந்து அங்கேயே புதைக்கப்பட்டார்.

செங்கல்பட்டுக்கு அருகே திருமணியில் 1920களில் ஸ்காட்லாந்து திருச்சபையினர் நடத்திய லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லமும் அப்படிப்பட்ட ஒன்றாகவே தொடங்கியது. அதைச் சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்குமான இடமாக மாற்றியவர் ராபர்ட் காக்ரன். அதுவரை இருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய்தான். அந்த ஊசி வலி மிகுந்தது, பலன் நிச்சயமில்லை. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. அமெரிக்காவின் கார்வில்லில் தொடங்கிய அந்தச் சிகிச்சையை, டாப்சோன் என்ற மலிவான மருந்தாக இந்தியாவில் முதலில் பயன்படுத்தியவர்களில் காக்ரன் ஒருவர். கிருமியைக் கொல்ல வழி பிறந்துவிட்டது. ஆனால் கிருமி செத்த பிறகும் விரல்கள் மடங்கியே இருந்தன. உடலில் நோய் இல்லை என்று மருத்துவர் சொன்னாலும், அந்தக் கையைப் பார்த்த ஊர் நம்பவில்லை.

1947இல் காக்ரனின் அழைப்பின் பேரில் பால் பிராண்ட் செங்கல்பட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது வீடு தேடி வந்த தொழுநோயாளிகளின் புண்களைத் தந்தை ஜெஸ்ஸி கழுவிக் கட்டியதையும், பிள்ளைகளான தாங்கள் எட்டி நிற்க வைக்கப்பட்டதையும் அவர் மறக்கவில்லை. ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். தந்தை 1929இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். தாய் ஈவலின் மலைகளைவிட்டுப் போக மறுத்து, முதுமையிலும் குதிரையில் ஊர் ஊராகச் சென்று மருந்து கொடுத்து வாழ்ந்து 1974இல் மறைந்தார். மகன் முதலில் சில ஆண்டுகள் தச்சும் கட்டட வேலையும் கற்று, பிறகு லண்டனில் அறுவை மருத்துவரானார். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கட்டர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனை அது.

செங்கல்பட்டு இல்லத்தைச் சுற்றிவந்தபோது, எலும்பு முறிவுக்குக்கூட இத்தனை அறுவை மருத்துவர்கள் இருக்க, இந்தக் கைகளை மட்டும் ஏன் ஒருவரும் பார்க்கவில்லை என்பது அவருக்கு விளங்கவில்லை. சதை கெட்டுவிட்டது, அறுத்தால் ஆறாது என்பதே மருத்துவ உலகின் பொது எண்ணம். ஒரு நோயாளியிடம் தன் கையைப் பற்றி அழுத்தச் சொன்னார். பறவை நகங்களைப் போல மடங்கிய அந்த விரல்களில் வலு இராது என்று நினைத்துக் கையை நீட்டியவர் வலியில் கூவினார். அந்தப் பிடி இரும்பாக இருந்தது. செத்த கை என்று எல்லோரும் விட்டுவிட்ட கைக்குள் உயிருள்ள தசைகள் இருந்தன.

அவை எவை, எவை செயலிழந்தவை என்று தெரிய வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான கைகளில் ஒவ்வொரு தசையாகச் சோதித்துக் குறித்தார்கள். இறந்த ஒரு நோயாளியின் உடலைப் பரிசோதித்தபோது, நரம்புகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெடவில்லை என்பது தெரிந்தது. முழங்கைக்கு மேலே, மணிக்கட்டில், முழங்கால் பக்கத்தில், கன்னத்தில் எனத் தோலுக்கு அருகே ஓடும் குளிர்ந்த இடங்களில் மட்டும் அவை வீங்கித் தடித்திருந்தன. அதனால் உள்ளங்கையின் சிறு தசைகள் ஓய்ந்தாலும், முன்கையின் பெரிய தசைகள் பல நன்றாகவே இருந்தன. நல்ல தசையின் நாணை எடுத்து, நான்கு பிரிவாக்கி, நான்கு விரல்களிலும் கொண்டுபோய்த் தைத்தால் விரல் நிமிரும். 1948இல் வேலூரில் அந்த அறுவை தொடங்கியது. புண் ஆறியது. தைத்ததோடு வேலை முடியவில்லை. முன்பு வேறு வேலை செய்த தசைக்கு, இனி விரலை நிமிர்த்துவதே தன் வேலை என்று பழக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பிசியோதெரபி தேவைப்பட்டது.

தடைகள் மருத்துவமனைக்குள்ளேயே இருந்தன. தொழுநோயாளிகளை உள்ளே சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் நிர்வாகத்துக்கு இருந்தது. கிறித்தவ மருத்துவமனைதான், ஆனாலும் அந்த அச்சம் இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. இந்த வேலைக்கு வந்தவர்களுக்கே அச்சம் இருந்தது. ஒருமுறை இங்கிலாந்து சென்றிருந்த பிராண்ட், இரவில் காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. இனி மனைவி, பிள்ளைகளோடு வாழ முடியாது என்று எண்ணி இரவெல்லாம் விழித்துக் கிடந்தார். காலையில் மறுபடி ஊசியை இறக்கியபோது வலி சுரீரென்று ஏறியது. பயணக் களைப்பில் கால் மரத்துப்போயிருந்ததுதான் காரணம். தன்னிடம் வரும் ஒவ்வொருவரும் எந்த இரவைக் கடந்து வந்திருக்கிறார் என்பதை அந்த ஓர் இரவு அவருக்குக் காட்டியது.

அவரே நினைவுகூர்ந்த இன்னொரு நிகழ்ச்சி இதற்கு மறுபக்கம். ஒரு நோயாளியிடம் சிகிச்சையை விளக்கிக்கொண்டே தோளில் கை வைத்தார். அந்த மனிதர் குலுங்கி அழத் தொடங்கினார். என்ன தவறாகச் சொல்லிவிட்டேன் என்று உடனிருந்தவரிடம் கேட்டபோது பதில் வந்தது: பல ஆண்டுகளாக அவரை ஒருவரும் தொட்டதில்லை.

விரல்கள் ஏன் குட்டையாகின்றன என்ற கேள்வி இன்னும் மீதியிருந்தது. அழுகி விழுகின்றன என்று ஊரும் நம்பியது, மருத்துவப் புத்தகமும் நம்பியது. துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, நோயுள்ள ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகித் திறந்தான். அவன் விரலைப் பார்த்தால், சாவி சதையைக் கிழித்து எலும்பு தெரிந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். சூடான பாத்திரம், அடுப்பு, கரடுமுரடான கைப்பிடி, செருப்பில் சிக்கிய ஆணி என்று காரணங்கள் கிடைத்தன. இரவில் விரல் காணாமல் போனவர்களுக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. ஒரு நோயாளி இரவெல்லாம் விழித்திருந்து கண்டுபிடித்தார்: எலி. உறங்குபவரின் உணர்ச்சியற்ற விரலை எலி கடிக்கிறது. அன்று முதல் வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள். கடவுளின் சாபம் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்ட ஒன்றைத் தடுக்கப் பூனை போதுமானதாக இருந்தது.

அறுவை நன்றாக நடந்தும் சிலர் வருத்தத்தோடு திரும்பி வந்தார்கள். நிமிர்ந்த விரல்களை நீட்டினால் பிச்சை விழவில்லை. வேலை கொடுக்கவும் ஆளில்லை. கையைச் சரிசெய்து ஆளைத் தெருவில் விடுவது பாதி வேலைதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. 1950களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு எழுந்தது. வீணாகப் போனதாக ஒரு காலத்தில் எண்ணப்பட்ட பிராண்டின் தச்சுப் பயிற்சி அங்கே கைகொடுத்தது. நோயாளிகள் மரப்பொம்மைகள் செய்யக் கற்றார்கள். கருவிகளின் கைப்பிடிகள், உணராத கையைக் கிழிக்காதபடி மாற்றப்பட்டன. புருவம் உதிர்ந்த முகத்தை ஊர் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் என்பதால், தலைத்தோலிலிருந்து முடியோடு எடுத்துப் புதுப் புருவம் வைத்தார்கள். அது தலைமுடியைப் போலவே வளர்ந்தது. பலர் அதைக் கத்தரிக்க மனமில்லாமல் நீளமாக வளர்த்தார்கள். இமை மூடாமல் பார்வை இழந்தவர்களுக்காகக் கண் மருத்துவரான மனைவி மார்கரெட் உழைத்தார். மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்தால், வாய் மெல்லும்போது கண் மூடும். நோயாளி கண்ணைக் காக்க மெல்லப் பழக வேண்டும்.

1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அங்கே கால்களின் மேல் கவனம் திரும்பியது. பாதப் புண் நோயால் வருவதல்ல, உணராத காலில் ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தால் வருவது என்பது தெளிவானது. மெத்தென்ற ரப்பர் அட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு அதன் விளைவு. தமிழ்நாட்டில் தொழுநோய்ப் பணியில் இருந்தவர்களுக்கு அந்த மூன்றெழுத்து மருந்தின் பெயரைப் போலப் பழக்கமானது.

இந்தக் குழுவில் மேரி வர்கீஸ் தனித்துச் சொல்லப்பட வேண்டியவர். கேரளத்தைச் சேர்ந்த இளம் மருத்துவரான அவர் 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். நிற்க முடியாதவர் அறுவை செய்வது எப்படி என்று தயங்கியவரிடம், கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று பிராண்ட் சொன்னார். சக்கர நாற்காலியிலிருந்தபடி அவர் தொழுநோயாளிகளின் விரல்களை நிமிர்த்தினார். அறுவைக்கு வந்தவர்கள் தங்களைவிடக் குறைந்த நடமாட்டமுள்ள மருத்துவரைக் கண்டார்கள். பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அதற்கெனத் துறையை நிறுவினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பிராண்ட் 1966இல் கார்வில்லுக்குச் சென்றார். தொழுநோயாளிகளின் காலில் கற்றது, நீரிழிவால் உணர்ச்சி இழந்த கால்களுக்கும் பொருந்தும் என்பதை அங்கே நிலைநாட்டினார். 2003இல் மறைந்தார். 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு, நோய் ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ குணமாகும் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகள் இந்தியாவில் 2019இல்தான் நீக்கப்பட்டன. கரிகிரி மையம் இன்று பொது மருத்துவமனையாகவும் இயங்குகிறது. பொதுமக்கள் ஓடிவிடுவார்கள் என்று ஒரு காலத்தில் வேலூரில் அஞ்சினார்கள். இப்போது சுற்று வட்டாரத்துப் பொதுமக்கள் காய்ச்சலுக்கும் சர்க்கரைப் புண்ணுக்கும் தொழுநோய் ஆஸ்பத்திரிக்கே வருகிறார்கள்.

(தொடரும்)