கத்தியா? கதிரா? மருந்தா?



மெஷின் ஷாப்பில் ஜாப்பை லேத்தில் மாட்டியவுடன் நாம் யாரும் டூலை வைத்துவிடுவதில்லை. டிராயிங்கைப் பார்க்கிறோம். வெர்னியரால் அளக்கிறோம். சந்தேகம் வந்தால் பக்கத்து மெஷினில் நிற்பவரைக் கேட்கிறோம். 1 மில்லிமீட்டர் அதிகமாகச் சீவிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாதே! இப்படிக் கேட்பவனை "வேலை தெரியாதவன்" என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இதையே டாக்டர்கள் செய்தபோது எங்கள் வீட்டில் அப்படித்தான் சொன்னோம். அந்தத் தப்பைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் நடந்தது

பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு பெரியப்பா வீடு. லோடு ஏற்றும் வேலை. இருபது வருடமாகக் கன்னத்தில் புகையிலை அடக்கும் பழக்கம். போன வருடம் அதே கன்னத்தில் ஆறாத புண் வந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சதை டெஸ்ட் எடுத்து, கேன்சர் என்றார்கள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். சர்க்கரை வியாதியால் பெரியப்பாவுக்குக் கிட்னியும் கொஞ்சம் கெட்டிருந்தது. எல்லா ரிப்போர்ட்டையும் பார்த்த டாக்டரம்மா, "போர்டுல வச்சுப் பேசிட்டு அடுத்த வாரம் சொல்றோம்" என்றார்.

வெளியே வந்ததும் அப்பா, "இவங்களுக்கே ஒண்ணும் புரியல போல இருக்குடா. பேசிப் பாத்துத்தான் சொல்வாங்களாம்!" என்றார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரியப்பாவை நாட்டு மருந்துக்குக் கூட்டிப் போனோம். ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. புண் தாடை வரை இறங்கியது. மறுபடி அதே டாக்டரம்மா முன்னால் போய் நின்றோம். அவர் திட்டவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

போர்டு என்றால் என்ன?

புற்றுநோய்க்கு முக்கியமான ஆயுதங்கள் மூன்று: அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு (நம்ம ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள்), மருந்து. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபுணர். அவர்களோடு சதையை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர், ஸ்கேனைப் படிப்பவர் ஆகியோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவதுதான் 'ட்யூமர் போர்டு'. சர்ஜன் தனியாக இருந்தால் கத்தியின் பக்கமே மனசு சாயலாம். பக்கத்தில் மற்றவர்கள் இருந்தால், "ஏன்?" என்று கேட்பார்கள்.

நம் சென்னைக்கு இந்தச் சேர்ந்து செய்யும் வைத்தியம் புதிதல்ல. தங்கை புற்றுநோயால் இறந்த துயரத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று அமைத்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் 1970-களிலேயே வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரையும் மருந்தையும் ஒரே சமயத்தில் கொடுத்து ஆராய்ந்தார்கள். எல்லா நிபுணர்களும் இல்லாத ஆஸ்பத்திரிகளுக்கும் இன்று வழி இருக்கிறது. 2012-ல் உருவான தேசியப் புற்றுநோய் கட்டமைப்பு மூலம், சிக்கலான கேஸ்களை இணையம் வழியே வெளியூர் நிபுணர்கள் முன் வைத்துப் பேசுகிறார்கள்.

நான்கு கேள்விகள்

எவ்வளவு சிக்கலான கேஸானாலும் போர்டில் சுற்றிச் சுற்றி வருவது நான்கு கேள்விகள்தான்.

முதல் கேள்வி: நோய் எதுவரை போயிருக்கிறது? கட்டியின் அளவு, கழுத்தில் நெறிக்கட்டி உண்டா, தூரத்து உறுப்புக்குப் பரவியதா என்ற மூன்றையும் வைத்து 'ஸ்டேஜ்' போடுகிறார்கள். நம்முடைய டிராயிங் மாதிரி இது. ஆபரேஷன் முடிந்த பின்னும் அளவு உண்டு. வெட்டி எடுத்த சதையில் கட்டியைச் சுற்றி நல்ல சதை குறைந்தது 5 மில்லிமீட்டராவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். டாலரன்ஸ் நமக்கு மட்டும் இல்லை, பாருங்கள்!

இரண்டாவது: உடம்பு தாங்குமா? வயதை மட்டும் பார்ப்பதில்லை. தானே குளிக்கிறாரா, நடக்கிறாரா, பாதி நாள் படுக்கையா என்று பார்த்து 0 முதல் மார்க் போடுகிறார்கள். இந்தப் பரீட்சையில் மட்டும் 0 வாங்கினால்தான் ஃபர்ஸ்ட் கிளாஸ்!

மூன்றாவது: இதே மாதிரி நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த சான்று என்ன? ஓர் உதாரணம். ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோயில், கழுத்தில் கட்டி எதுவும் தெரியாவிட்டாலும் கழுத்து நெறிகளை முன்கூட்டியே எடுப்பதா, வந்தால் பார்த்துக்கொள்வதா? டாக்டர்கள் வெகுகாலம் இரண்டு கட்சியாக இருந்தார்கள். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் டாக்டர் அனில் டிக்ரூஸ் குழுவினர் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2015-ல் முடிவு வெளிவந்தது. முன்கூட்டியே எடுத்தவர்களில் 3 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 80 சதவீதம். காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். வாதம் அங்கே தீர்ந்தது.

நான்காவது கேள்விதான் எனக்கு ஆச்சரியம்: நோயாளிக்கு என்ன வேண்டும்? அவரால் என்ன முடியும்? கதிர் சிகிச்சை என்றால் வாரம் 5 நாள், சுமார் 6 வாரம். நடுவில் விட்டுவிட்டால் பலன் குறையும். "தினமும் பருத்திப்பட்டிலிருந்து யார் கூட்டி வருவீங்க?" என்று டாக்டரம்மா கேட்டது ஊர்க்கதை பேச அல்ல. அதுவும் முடிவில் ஒரு பகுதி.

பெரியப்பாவின் கேஸ்

தாடை எலும்பில் ஒரு பகுதியோடு கட்டியை எடுத்தார்கள். அடுத்துக் கதிரோடு மருந்தும் தேவை என்று சதை ரிப்போர்ட் சொன்னது. வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் கிட்னியைப் பாதிக்கக்கூடியது. பெரியப்பாவுக்குக் கொடுக்க முடியாது. அப்போ என்ன செய்வது? இங்கேதான் போர்டில் பேச வேண்டியிருந்தது.

சிஸ்பிளாட்டின் தாங்காதவர்களுக்குக் கதிரோடு டோசிடாக்சல் என்ற மருந்தை வாரா வாரம் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்த டாடா மெமோரியல் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. கதிர் மட்டும் பெற்றவர்களில் 2 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 41.7 சதவீதம். மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 50.8 சதவீதம். ஆனால் வாய்ப்புண்ணும் விழுங்கும்போது வலியும் அவர்களுக்கு அதிகம்.

டாக்டரம்மா இரண்டு வழியையும் மறைக்காமல் சொன்னார். பெரியப்பா கேட்டது ஒன்றுதான்: "அந்தப் புண்ணு அப்புறம் ஆறிடும்ல?" "பெரும்பாலும் ஆறிடும் ஐயா. ஆனா அந்த ஆறு வாரம் கஷ்டப்படுவீங்க." "அப்ப மருந்தையும் சேத்தே குடுங்க."

அப்பாவும் நானும் முறை வைத்துக் கூட்டிப் போனோம். எனக்கு அட்டெண்டன்ஸ் கொஞ்சம் அடி வாங்கியது, போகட்டும். இப்போது பெரியப்பா சோற்றைக் குழைத்துச் சாப்பிடுகிறார். ஏரிக்கரை வரை நடக்கிறார். செக்கப் தொடர்கிறது. "அந்த ஒன்றரை மாசம் வீணாக்காம இருந்திருந்தா தாடை எலும்பு தப்பிச்சிருக்குமா மேடம்?" என்று ஒருநாள் கேட்டேன். "அதை இப்போ யாராலயும் சொல்ல முடியாது தம்பி" என்றார். அந்தப் பதில் இன்னும் என்னை உறுத்துகிறது.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். ஃபைலைத் தூக்கும் வேலை நமக்குத்தான் வரும். அப்போது நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். அந்த நான்கு கேள்விகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்க விரும்பினால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு சில நாட்களுக்குள் கேட்டுவிடுங்கள். "பேசிட்டுச் சொல்றோம்" என்று டாக்டர் சொன்னால் பயப்பட வேண்டாம். நம் ஆளுக்காக இன்னும் நான்கைந்து பேர் மூளையைச் செலவழிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அளக்காமல் வெட்டுபவரிடம்தான் பயப்பட வேண்டும்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை