தர்மராஜ் சேரலாதன்

தர்மராஜ் சேரலாதன் (பிறப்பு: ஏப்ரல் 22, 1975) தமிழ்நாட்டைச் சேர்ந்த கபடி வீரர், பயிற்சியாளர். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சனம்பூண்டி இவரது ஊர். தடுப்பாட்டக்காரரான இவர் வலது கார்னரில் ஆடியவர். 2016இல் உலகக்கோப்பையை வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். அதே ஆண்டு புரோ கபடி லீக்கில் பட்னா பைரேட்சு அணி கோப்பையை வென்றபோது அதன் தலைவராக இருந்தார். சக வீரர்கள் இவரை 'அண்ணா' என்றே அழைத்தனர். வடநாட்டு வீரர்கள் வாயிலும் அந்தத் தமிழ்ச்சொல்தான் வந்தது. இவருடைய தம்பி கோபுவும் புரோ கபடியில் ஆடியுள்ளார்.

கார்னரின் வேலை

காவிரிப் படுகையிலிருந்து கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடி வரை பல ஊர்களில் பொங்கலையொட்டிக் கபடிப் போட்டி நடப்பது வழக்கம். அங்கெல்லாம் கைதட்டு பெரும்பாலும் பாடிச் செல்பவருக்கே கிடைக்கும். பிடிப்பவரின் பெயர் ஊர் தாண்டுவது அரிது. ஆட்டத்தின் கணக்கும் அப்படித்தான் அமைந்துள்ளது. ஒரே ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு ரெய்டர் மூன்று புள்ளிகளோடு திரும்பலாம். அவரை மடக்கிப் பிடித்தால் எதிரணிக்குக் கிடைப்பது ஒரு புள்ளிதான். களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் மட்டும் இரண்டு புள்ளி, அதற்குப் பெயர் சூப்பர் டேக்கிள். ரெய்டர் 10 புள்ளி எடுத்தால் சாதனை எனப் பாராட்டுகிறார்கள், தடுப்பாளருக்கு 5 புள்ளியே அந்த அளவுகோல்.

ஏழு பேர் கொண்ட தடுப்பு வரிசையின் இரு கடைசி முனைகளே கார்னர்கள். ரெய்டர் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டும்போது அந்தக் கணுக்காலுக்குப் பாய்வது பெரும்பாலும் இவர்கள்தான். கார்னர் காலைப் பிடித்ததும் அருகில் உள்ள கவர் வீரர்கள் வந்து அமுக்க வேண்டும். அரை நொடி முந்தினால் ரெய்டர் காலை இழுத்துக்கொண்டு, தொட்ட புள்ளியோடு தன் பக்கம் போய்விடுவார். பிந்தினால் பிடிக்கக் கால் இருக்காது. ஆகவே கார்னருக்கு வேகத்தைவிட, எதிரி எந்தக் காலில் எடையைப் போடுகிறார் என்று பார்க்கும் கண் முக்கியம். சேரலாதன் நாற்பது வயதுக்குப் பிறகும் நிலைத்து ஆடியதற்கு இதுவே முதற்காரணம் எனலாம். இருபது வயது ரெய்டருடன் ஓடிப் போட்டியிடும் தேவை அவருக்கு இல்லை. அவர்கள் தன்னிடம் வரும்வரை காத்திருந்தால் போதும்.

லீக் வாழ்க்கை

புரோ கபடி லீக் 2014 சூலையில் தொடங்கியது. அதற்கு முன் கபடி வீரர்களுக்கு இரயில்வே, காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்களின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான் பிழைப்பு. போட்டிகள் தொலைக்காட்சிக்கு வருவதும் அரிது. லீக் வந்தபோது சேரலாதனுக்கு வயது 39. வேறு விளையாட்டில் ஓய்வு அறிவிக்கும் அந்த வயதில்தான் நாடு அவரை முதன்முறையாகப் பார்த்தது. அவருடைய இருபதுகளின் ஆட்டத்தைக் கண்டவர்கள் மைதான ஓரத்தில் நின்ற சிலரே.

நான்காவது பருவத்தில் பட்னா அணிக்குத் தலைவரானார். அணியில் பர்தீப் நர்வால் போன்ற இளம் ரெய்டரும், ஈரானின் ஃபசல் அத்ராச்சலி போன்ற தடுப்பாளரும் இருந்தனர். 2016 சூலை 31 அன்று ஐதராபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் செய்ப்பூர் பிங்க் பாந்தர்சு அணியை 37-29 என்று பட்னா வென்றது. அப்போது சேரலாதனுக்கு 41 வயது.

பின்னர் 2017இல் புனேரி பல்தான், 2018இல் யூ மும்பா, 2019இல் அரியானா ஸ்டீலர்சு என அணிகள் மாறினார். மும்பாவில் இடது கார்னரில் ஃபசலும் வலது கார்னரில் சேரலாதனும் நின்றனர். அரியானாவுக்குத் தலைமையும் வகித்தார்.

உலகக்கோப்பை

2016 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த உலகக்கோப்பைக்கான 14 பேர் கொண்ட இந்திய அணியில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவர் இவர் ஒருவரே. அனுப் குமார் தலைமையிலான அந்த அணி முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 32-34 என்று தோற்றது. அக்டோபர் 22 இறுதியாட்டத்திலும் இடைவேளையின்போது ஈரான் 18-13 என முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் அஜய் தாக்கூரின் ரெய்டுகளால் நிலைமை மாறி, 38-29 என்று இந்தியா வென்றது. மூன்று மாதங்களுக்கு முன் பட்னாவில் சேரலாதனின் தோழராக இருந்த ஃபசல் அன்று எதிரணியில் நின்றார்.

பயிற்சியாளர்

2017இல் தமிழ் தலைவாசு அணி உருவானது. ஆயினும் சேரலாதன் அந்நாட்களில் வேறு மாநில அணிகளுக்கே ஆடினார். 2024இல், பதினோராம் பருவத்துக்கு, உதயகுமார் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டபோது சேரலாதன் வியூகப் பயிற்சியாளராகத் தமிழ் தலைவாசில் சேர்ந்தார்.