கதவு மூடும் சத்தம்

பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய டைரி ஒன்று மேசையில் கிடக்கிறது. முதல் பக்கத்தில் மூன்று தீர்மானங்கள்: நாளுக்கு இருபது பக்கம் வாசிப்பது, ஒரு பக்கம் எழுதுவது, சோழர் வரலாற்றை முறையாகப் படிப்பது. ஜனவரி 1க்கு இரண்டு பக்கம் நிரப்பியிருக்கிறேன். 9ஆம் தேதியில் 'தலைவலி' என்று ஒரே சொல். 19க்குப் பிறகு மளிகைக் கணக்கு.

இதற்காகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மனம் உடைய வேண்டியதில்லை. ஜனவரி கைவிட்டால் சீனப் புத்தாண்டு, அதுவும் நழுவினால் சித்திரை 1. இஸ்லாமியப் புத்தாண்டான அவால் முஹாரமும் இருக்கிறது. விளையாட்டாகச் சொன்னாலும் இதில் விஷயம் உண்டு. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் மூவரும் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரமோ மாதமோ ஆண்டோ பிறந்ததும் கூகுளில் 'டயட்' தேடுவோர் கூடினார்கள். பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்திலும் கூட்டம் ஏறியது. பிறந்தநாளுக்குப் பிறகும் அப்படித்தான், 21ஆவது பிறந்தநாளைத் தவிர. அங்கே சட்டப்படி மது அருந்தலாம் என்றாகும் வயது அது!

புதிய தேதி மனத்தில் ஒரு கோடு கிழிக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சோம்பிக் கிடந்தவன் வேறு ஆள், இந்தப் பக்கம் நிற்பவன் வேறு ஆள். அந்தத் தெம்பு வண்டியைக் கிளப்பிவிடும். பத்தொன்பதாம் நாள் தள்ளுவதற்கு வேறு ஏதாவது வேண்டும்.

அது என்ன என்பதற்கு எழுத்து சம்பந்தமான ஒரு சோதனையே இருக்கிறது. பீட்டர் கோல்விட்சரும் வெரோனிகா பிராண்ட்ஸ்டாட்டரும் 1997இல் வெளியிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தோம் என்று 48 மணி நேரத்துக்குள் எழுதித் தர வேண்டும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவேன் என முன்கூட்டியே குறித்துக்கொண்ட ஜெர்மன் மாணவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் எழுதி முடித்தார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். ஆசை இரு தரப்புக்கும் ஒன்றுதான்.

எனக்கு அந்த இடம் கேஎல் சென்ட்ரலில் கிடைத்தது. வேலை முடிந்து பெலாபுஹான் கிள்ளான் செல்லும் கொமுட்டர் ரயிலில் ஏறுவேன். கதவு மூடுமுன் 'பீப் பீப்' என்று அடிக்கும். அந்தச் சத்தம் நின்றதும் புத்தகம் வெளியே வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. சுபாங் ஜெயா வந்ததும் மூடிவிட்டு, வாசித்ததை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006இல் காட்டிய வித்தை இது. ஒரே பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 விழுக்காடு நினைவிருந்தது. புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லாம் தெரிந்தது போலிருக்கும் மயக்கம் இங்கிருந்துதான் வருகிறது.

பழக்கம் படிய 21 நாள் போதும் என்பார்கள். அது 1960இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், தம் நோயாளிகளுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதியது. 'குறைந்தது' காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 84 நாள் கவனித்தார்கள். காலை காப்பிக்குப் பிறகு இன்னது, மதியச் சாப்பாட்டோடு இன்னது என்று ஆளுக்கொரு பழக்கம். பழக்கம் தானாக ஓடுவதற்கு நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254. 84 நாள் ஆய்வில் 254 எப்படி? வளைகோட்டை முன்னால் நீட்டிப் போட்ட கணக்கு. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதகம் எதுவும் தெரியவில்லை. இதைப் படித்தபோது அந்தத் தலைவலி நாளை மன்னித்துவிட்டேன்.

போன வாரம் புத்தகத்தில் ஆழ்ந்து கிள்ளானைத் தவறவிட்டேன். அடுத்த நிலையமான தெலுக் பூலாயில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, வந்த ரயிலில் ஏறினேன். ஒரே நிலையப் பயணம். கதவு 'பீப்' என்றதும் கை பைக்குள் போய்விட்டது. ஒரு பத்திகூட முடியவில்லை.