மிச்ச ஓட்டு

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு வரவேண்டிய இடம் 2.44. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 6 கோடியே 24 லட்சம் பேர். அதில் பழங்குடியினர் ஏறத்தாழ 6 லட்சத்து 51 ஆயிரம். இடங்கள் 234. விகிதம் போட்டால் இந்த விடைதான் வரும். ஒரு எம்.எல்.ஏ.வைப் புள்ளி நான்கு நான்காக வெட்டிக் கோட்டைக்கு அனுப்ப முடியாதே. 2008-இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறை ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டு பழங்குடித் தனித் தொகுதிகளோடு நின்றது. அதற்கு முன்பு உப்பிலியபுரத்தையும் சேர்த்து மூன்று இருந்தன.

ஜவ்வாது மலை இந்த இரண்டிலும் இல்லை. ஆலங்காயத்தில் ஏறத் தொடங்கி, வானியல் ஆய்வகம் இருக்கும் காவலூரைத் தாண்டிப் போனால் ஜமுனாமரத்தூர் வரும். சாமையும் தேனும் பலாவும் கிடைக்கும் இந்த மலையில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்; மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில், தமிழ் பேசும் மக்கள். மலை ஒன்றுதான், நிர்வாகத்தில் மூன்று துண்டு: ஜமுனாமரத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம், புதூர்நாட்டுப் பக்கம் திருப்பத்தூர், ஒரு ஓரம் வேலூர். சட்டமன்றத் தொகுதி என்று பார்த்தால் இன்னும் கூறுகள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். பெரும்பாலோர் அடிவாரத்து ஊர்க்காரர்கள். மலையிலிருந்து இறங்கும் ஓட்டு அந்தக் கூட்டத்தில் ஏரியில் கரைத்த உப்பு.

முந்துபவருக்கே வெற்றி என்ற நம்முடைய தேர்தல் முறையின் குணம் இது. எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பதைவிட அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது அதற்கு முக்கியம். 1977-இல் இலங்கையில் இது உச்சத்துக்குப் போனது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி நாடு முழுக்கச் சிதறிய ஓட்டாக ஏறத்தாழ 30 சதவீதம் வாங்கிவிட்டு 8 இடம் பெற்றது. தமிழர் விடுதலைக் கூட்டணி வாங்கியது ஏழு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அது வடக்கிலும் கிழக்கிலும் குவிந்திருந்த ஓட்டு. 18 இடம் கிடைத்து, அக்கட்சியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். பாதி ஓட்டை மட்டும் கடந்திருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168-இல் 140. நம் ஊரிலும் 2014 மக்களவைத் தேர்தலில் சுமார் 44 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.வுக்கு 39-இல் 37. 23 சதவீதத்தைத் தாண்டிய தி.மு.க.வுக்குப் பூஜ்யம். குவிந்த ஓட்டு ஜெயிக்கும், சிதறிய ஓட்டு தோற்கும். மலைகளில் சிதறி வாழ்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1977-இல் அப்படி அள்ளிக்கொண்டு போன ஜே.ஆர். ஜெயவர்த்தனாவேதான் அடுத்த ஆண்டு அரசியலமைப்பை மாற்றி விகிதாசார முறையைக் கொண்டுவந்தார். இனி யாரும் அதே மாதிரி அள்ளிவிடக் கூடாது என்ற முன்யோசனையும் அதில் இருந்திருக்கும் என்பது என் ஊகம். பிறகு 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக மாகாண சபைகள் வந்தபோது அவற்றுக்கும் அதே முறை. வடக்கு மாகாண சபைக்கான முதல் தேர்தல் 2013 செப்டம்பர் 21 அன்று நடந்தது. ஐந்து தேர்தல் மாவட்டங்கள், 36 ஆசனங்கள், முதலிடம் பிடிக்கும் கட்சிக்கு இரண்டு போனஸ் ஆசனங்கள். வாக்காளர் ஒரு கட்சிக்குப் புள்ளடி (×) போட வேண்டியிருந்தது. அதன் வேட்பாளர்களில் மூன்று பேருக்கு வரை விருப்பு வாக்கும் போட முடிந்தது. கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைப் புள்ளடி தீர்மானித்தது, அதில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு. முதலமைச்சரான விக்னேஸ்வரனுக்கு மட்டும் ஒரு லட்சத்து முப்பத்தீராயிரத்துக்கு மேல் விருப்பு வாக்கு விழுந்தது.

முடிவைப் பாருங்கள். வீடு சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 78.48 சதவீத ஓட்டு. போனஸும் சேர்த்து 38-இல் 30, அதாவது 78.9 சதவீதம். வெற்றிலைச் சின்னத்தில் நின்ற ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 18.38 சதவீத ஓட்டு; 7 ஆசனம், 18.4 சதவீதம். தட்டான் தராசில் நிறுத்தது மாதிரி இருக்கிறது. மரம் சின்னத்தில் நின்ற ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்றரை சதவீத ஓட்டு, ஓர் ஆசனம்.

அந்த ஓர் ஆசனம் மன்னாரில் வந்தது. அது எப்படி வந்தது என்று ஒரு மாலையில் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தவன் இரவுச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

மன்னார் மாவட்டத்துக்கு ஆசனம் ஐந்து. செல்லுபடியான ஓட்டு ஏறத்தாழ 53,225. வீட்டுக்கு 33,118, வெற்றிலைக்கு 15,104, மரத்துக்கு 4,571, மீதி உதிரி. மொத்த ஓட்டை ஐந்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 10,645 ஓட்டு. சாமையைப் படியால் அளப்பதைப் போல இனி அளக்க வேண்டியதுதான். வீட்டின் குவியலில் மூன்று படி நிறைகிறது, 1,180 சொச்சம் மிச்சம். வெற்றிலையில் ஒரு படி, மிச்சம் 4,459. மரத்தின் குவியலில் ஒரு படிகூட நிறையவில்லை. 4,571-உம் அப்படியே மிச்சம். நான்கு ஆசனம் போயிற்று, ஐந்தாவது யாருக்கு? யாருடைய மிச்சம் பெரிதோ அவருக்கு. நூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் வெற்றிலையை முந்திக்கொண்டு மரம் சபைக்குள் போனது.

இதுவரை சாதாரண அதிர்ஷ்டம்தான். சரி, மன்னாருக்கு ஐந்துக்குப் பதில் ஆறு ஆசனம் இருந்திருந்தால்? ஒரே ஓட்டுகள், கூடுதலாக ஒரு நாற்காலி. மரத்துக்கு ஒன்று நிச்சயம், மிச்சம் இருப்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். 53,225-ஐ ஆறால் வகுத்தால் படி 8,871 ஆகச் சுருங்குகிறது. வீட்டுக்கு மூன்று முழுப்படி, மிச்சம் 6,505. வெற்றிலைக்கு ஒன்று, மிச்சம் 6,233. மரத்துக்கு முழுப்படி இல்லை, மிச்சம் அதே 4,571. பாக்கி இரண்டு ஆசனமும் வீட்டுக்கும் வெற்றிலைக்கும் போய்விட, மரத்துக்குப் பூஜ்யம்! பந்தியில் ஓர் இலை கூடுதலாகப் போட்டதும், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் எழுந்து போக வேண்டியதாயிற்று.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், பிழை இல்லை. காரணம் படிக்குள் இருக்கிறது. ஆசனம் ஒன்று கூடியதும் படியின் அளவு சுமார் 1,774 ஓட்டு குறைந்தது. வீடு மூன்று படி அளந்த கட்சி, எனவே அதன் மிச்சம் மூன்று மடங்கு 1,774 ஊதியது. ஒரு படி அளந்த வெற்றிலையின் மிச்சம் ஒரு மடங்கு கூடியது. ஒரு படியும் அளக்காத மரத்தின் மிச்சத்தில் கூடுவதற்கு எதுவும் இல்லை. பெரிய குவியல்களின் மிச்சம் ஆசன எண்ணிக்கையோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்க, சின்னக் குவியல் இருந்த இடத்திலேயே நின்று அவை இறங்கும் நேரம் பார்த்து உள்ளே நுழைகிறது. ஏழு ஆசனம் என்று வைத்துப் போட்டால் மரம் மறுபடி ஓர் இடம் பிடிக்கிறது.

இந்த விசித்திரத்தை உலகம் முதலில் கண்டது அமெரிக்காவில். 1880 கணக்கெடுப்புக்குப் பிறகு, பிரதிநிதிகள் சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பிரிக்க, கணக்கெடுப்பு அலுவலகத்தின் தலைமை எழுத்தர் பல அளவுகளில் பட்டியல் போட்டுப் பார்த்தார். சபையில் 299 இடம் என்றால் அலபாமாவுக்கு 8. 300 என்றால் 7. அன்றிலிருந்து இதற்கு அலபாமா முரண் என்று பெயர். மிச்சத்தைப் பார்த்து இடம் கொடுக்கும் இந்த வழியை அங்கே முதலில் முன்வைத்தவர் அலெக்சாண்டர் ஹாமில்டன். 1792-இல் ஜார்ஜ் வாஷிங்டன் அந்த மசோதாவைத் திருப்பி அனுப்பினார். ஓர் அமெரிக்க அதிபர் பயன்படுத்திய முதல் மறுப்பதிகாரம் ஒரு வகுத்தல் கணக்குக்காகத்தான்.

வேறு வழி இல்லாமல் இல்லை. பெல்ஜியத்துக்காரர் விக்டர் தோந்த் ஒவ்வொரு கட்சியின் ஓட்டையும் 1, 2, 3, 4 என்று வகுத்துக்கொண்டே போய், கிடைக்கும் எண்களில் பெரியவற்றுக்கு வரிசையாக இடம் கொடுக்கச் சொன்னார். பிரெஞ்சுக் கணிதர் சாந்த்-லாகே 1, 3, 5 என்று ஒற்றைப்படை எண்களால் வகுக்கச் சொன்னார். மன்னார் ஓட்டுகளையே இரண்டிலும் போட்டுப் பார்த்தேன். தோந்த் முறையில் வீடு 4, வெற்றிலை 1. சாந்த்-லாகே முறையில் வீடு 3, வெற்றிலை 2. நடைமுறையில் வந்ததோ 3, 1, 1. மூன்றுமே விகிதாசார முறைகள்தான். ஆனால் ஒரே நாளில் ஒரே மக்கள் போட்ட ஓட்டுக்கு மூன்று விதமான மன்னார்! விகிதாசாரம் என்று ஒற்றைச் சொல்லில் நாம் வாதாடுகிறோம், அதற்குள் எந்த வகுத்தல் என்று கேட்பவர் குறைவு. எந்தக் குறையும் இல்லாத ஒரு முறையைக் கண்டுபிடித்துவிடலாமே என்றால், மிஷெல் பாலின்ஸ்கி, பெய்டன் யங் என்ற இரு கணிதர்கள் அந்த ஆசையை அடைத்துவிட்டார்கள். முழுப்படிக் கணக்கையும் மீறாமல், இந்த வகை முரண்களில் எதுவும் வராமலும் பங்கிடும் முறை இருக்கவே முடியாது என்று நிரூபித்தார்கள்.

நம் அரசியல் நிர்ணய சபையிலும் விகிதாசாரப் பேச்சு எழுந்தது. 1949 ஜனவரியில் அம்பேத்கர் அதை மறுத்தார். எழுத்தறிவு பரவாத நாட்டுக்கு இது பொருந்தாது, சபை துண்டு துண்டாகி நிலையான அரசு அமையாது என்பது அவருடைய வாதம். ஆனால் மாநிலங்களவை போன்ற சில இடங்களில் அந்த முறை தங்கிவிட்டது. மாநிலங்களவைக்கு எம்.எல்.ஏ.க்கள் போடுவது விகிதாசார ஓட்டு. 234 பேர் சேர்ந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது 34 பேர் ஆதரவு இருந்தால் போதும், ஓர் இடம் உறுதி. சிறிய அணிகள் கூட்டிக் கழித்துப் பார்த்து டெல்லிக்கு ஒருவரை அனுப்புவது இந்தக் கணக்கில்தான். ஜமுனாமரத்தூரில் சாமை காயவைத்துவிட்டு வந்து ஓட்டுப் போடுகிறவருக்குக் கிடைக்காத சலுகை, அந்த ஓட்டில் ஜெயித்தவருக்குக் கிடைக்கிறது.

அந்தச் சலுகை ஓட்டுப் போடுகிறவருக்கும் கிடைத்தால் ஜவ்வாது மலைக்கு இடம் வந்துவிடுமா? திருவண்ணாமலை மாவட்டத்தில் எட்டு சட்டமன்ற இடங்கள். மாவட்டத்தையே ஒரு தேர்தல் மாவட்டமாக வைத்தால் ஒரு படி என்பது எட்டில் ஒரு பங்கு, பன்னிரண்டரை சதவீதம். மாவட்டத்தில் பழங்குடியினர் நான்கு சதவீதத்துக்கும் குறைவு. மன்னார் மரத்தைப் போல மிச்சத்தை நம்பித்தான் நிற்க வேண்டும். ஆசனம் எட்டா ஒன்பதா என்பதில்கூட விதி மாறிவிடலாம். மாநிலம் முழுவதையும் ஒரே மாவட்டமாக்கினால் கதை வேறு. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் மலையாளிகள் சுமார் 3 லட்சத்து 57 ஆயிரம். 234-க்கு விகிதம் போட்டால் 1.16. ஒரு முழுப்படி நிறைந்து மேலே கொஞ்சம் சிந்தவும் செய்கிறது. ஜவ்வாது, கல்வராயன், கொல்லி, சேர்வராயன், பச்சைமலை என்று கிடக்கும் எல்லா மலைகளின் ஓட்டும் ஒரே பெட்டியில் விழுந்தால்தான் அதுவும்.

ஆனால் அப்படிப் பரந்த அளவில் விகிதாசாரத் தேர்தல் நடத்தும் பல நாடுகள் வாசலில் ஒரு கட்டை போட்டுவிடுகின்றன. ஜெர்மனியில் ஐந்து சதவீதம் வாங்காத கட்சி பொதுவாக உள்ளே வர முடியாது. அங்கே ஒரு விலக்கும் உண்டு: தேசியச் சிறுபான்மையினரின் கட்சிக்கு அந்தக் கட்டை கிடையாது. வடக்கு எல்லையில் வாழும் டேனிஷ், ஃப்ரீசிய மக்களின் கட்சி 2021-இல் வாங்கியது நாட்டின் மொத்த ஓட்டில் 0.1 சதவீதம், சுமார் 55 ஆயிரம் ஓட்டு. அதை வைத்துக்கொண்டு பெர்லின் நாடாளுமன்றத்தில் ஓர் ஆள் போய் உட்கார்ந்தார்.