திருப்புதலுக்கு ஓர் இணைய விளையாட்டு

டியூஷன் என்று வழங்கும் தனிப்பயிற்சி வகுப்புகள் பலவற்றில் புதிய பாடம் நடத்துவதற்கே நேரம் போதாமல் போவதால், நடத்திய பாடத்தைத் திருப்பிப் பார்க்கும் வேலை பெரும்பாலும் குறிப்பேட்டை மறுபடி வாசித்து வருமாறு சொல்வதோடு முடிந்துவிடுகிறது. வாசித்ததையே மீண்டும் வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிப்போவதால் பாடம் தெரிந்துவிட்டது என்ற நம்பிக்கை மாணவருக்கு எளிதில் வந்துவிடுகிறது; புத்தகத்தை மூடியபின் அதே செய்தியைத் தாமாகச் சொல்ல முடிகிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இணைய வினாடிவினாவும் சொல் பொருத்தும் விளையாட்டும் மதிக்கத்தக்கவையாக இருப்பது இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதனாலேதான். அவற்றின் வண்ணமும் இசையும் மாணவரை உட்கார வைக்க உதவுமே தவிர, கற்பிப்பவை அவை அல்ல.

மறதியைச் சோதனை முறையில் அளந்து பார்த்த முன்னோடியான ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அவற்றில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுவதையும் அதன்பின் மறதியின் வேகம் குறைவதையும் 1885இல் வெளியிட்ட நூலில் காட்டினார். இந்த நழுவலைத் தடுக்கும் வழியைப் பற்றி அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. கதிரவனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் எழுதப்பட்ட சிறு கட்டுரைகளில் ஒன்றை மாணவர்கள் இருமுறை வாசித்தனர். மற்றொன்றை ஒருமுறை மட்டும் வாசித்துவிட்டு, நினைவிலிருந்ததைப் பார்க்காமல் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை வாசித்ததில் 81 விழுக்காடும், வாசித்து எழுதிப் பார்த்ததில் 75 விழுக்காடும் நினைவில் இருந்தன; ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழாகி, முன்னது 42ஆகவும் பின்னது 56ஆகவும் நின்றது. நினைவிலிருந்து ஒன்றை முயன்று வெளியே எடுக்கும் இச்செயலை நினைவுமீட்டல் எனலாம். அது கற்றதை அளப்பதோடு நில்லாமல், கற்றதை உறுதிப்படுத்தவும் செய்கிறது.

இப்பணிக்குப் பயன்படும் தளங்களுள் குவிஸ்லெட், கலிபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்த ஆண்ட்ரூ சதர்லண்ட், தமது பிரெஞ்சுச் சொற்களைப் படிப்பதற்காக 2005இல் உருவாக்கியது. நார்வேயில் பிறந்த கஹூட் 2013இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பெங்களூரில் 2015இல் தொடங்கிய குவிசிஸ் இப்போது வேகிரவுண்ட் என்ற பெயரில் இயங்குகிறது. கஹூட்டின் வழக்கமான ஆட்டத்தில் சரியான விடைக்கு 1000 புள்ளிகள் வரை கிடைக்கும் என்றாலும், விடை தாமதமாகத் தாமதமாக அது ஏறக்குறைய பாதிவரை குறைந்துகொண்டே வரும். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கும் வேதியியல் குறியீடுகளுக்கும் இந்த வேகம் பொருந்தலாம். ஆனால் இருமுறை யோசித்து விடை சொல்லும் பழக்கமுள்ள குழந்தையை அது பட்டியலின் அடியில் நிறுத்தி, யோசிப்பதே குற்றம் என்று உணரவைத்துவிடும். டியூஷனுக்கு வருபவர்களுள் பள்ளியில் பின்தங்கியவர்களும் உள்ளதால், வகுப்பில் பட்ட அவமானத்தை அவர்கள் இங்கேயும் சுமக்கக் கூடாது. நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, தரவரிசையை மறைத்து, ஒவ்வொருவரும் தமது வேகத்தில் செல்லும் முறையைத் தேர்ந்தெடுப்பதே பயிற்றுநர் முதலில் செய்ய வேண்டியது.

விளையாட்டின் உயிர் அதன் கேள்விகளில், அதிலும் குறிப்பாகத் தவறான விடைகளில் இருக்கிறது. 1/2 + 1/3 எவ்வளவு என்ற கேள்விக்கு 5/6, 2/5, 2/6, 1/6 என்று நான்கு விடைகள் கொடுக்கப்படுவதாகக் கொள்ளலாம். 2/5ஐத் தொடும் மாணவர் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியிருக்கிறார். 2/6ஐத் தொடுபவர் பகுதியை 6 ஆக மாற்றத் தெரிந்தும் தொகுதிகளை அதற்கேற்ப மாற்ற மறந்திருக்கிறார். 1/6ஐத் தொடுபவர் கூட்டலுக்குப் பதில் பெருக்கிவிட்டார். மூவருக்கும் பின்னம் வரவில்லை என்று ஒரே தீர்ப்பு எழுதிவிட்டால் மூவருக்கும் ஒரே பாடத்தை மறுபடி நடத்த வேண்டியிருக்கும். யார் எதைத் தொட்டார் என்று தளம் தரும் அறிக்கையைப் பார்த்தாலோ ஒவ்வொருவருக்கும் வேண்டிய விளக்கம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இத்தகைய விடைகளை எழுத, மாணவரின் குறிப்பேட்டைத் திருத்திப் பழகிய கை வேண்டும். முன்பின் அறியாதவர்கள் தயாரித்து இணையத்தில் விட்டுவைத்த வினாத்தொகுப்பை அப்படியே எடுத்தாள்வதில் இந்தப் பயன் கிடைக்காது. பிழையான விடைகளே சரியென்று குறிக்கப்பட்டிருக்கும் ஆபத்தும் உண்டு.

ஒரே பாடத்தை ஒரே நாளில் பத்து முறை ஆடுவதைவிட, நாள்கள் இடைவெளி விட்டு ஆடுவது நன்று. செபஸ்டியன் லெய்ட்னர் 1972இல் விளக்கிய, கேள்வி அட்டைகளைப் பல அறைகள் கொண்ட பெட்டியில் வைத்துப் பயிலும் முறையில், சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகர்ந்து நீண்ட இடைவெளிக்குப் பிறகே திரும்பி வரும். தவறிய அட்டை முதல் அறைக்கே வந்து விரைவில் மீண்டும் கேட்கப்படும். ஆங்கி போன்ற செயலிகள் இதையொத்த கணக்கைத் தாமே செய்துகொள்கின்றன. செயலி இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் சென்ற வாரப் பாடத்திலிருந்து ஐந்து, சென்ற மாதப் பாடத்திலிருந்து மூன்று என்று கேட்டுவந்தால் ஏறக்குறைய அதே பலன் கிட்டும்.

நான்கில் ஒன்றைத் தொடுவது அடையாளம் காண்பதே தவிர, முழுமையான நினைவுமீட்டல் ஆகாது. ஆகவே நெடுவினாவுக்கும் வடிவியல் வரைபடத்துக்கும் தாளும் பேனாவும்தான் வழி. வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துச் செல்லும் குடும்பத்துப் பிள்ளைக்கு இணைய விளையாட்டை வீட்டுப்பாடமாகக் கொடுப்பது நியாயமும் அன்று. அத்தகைய பிள்ளைகள் உள்ள இடத்தில் பயிற்றுநரே தமது கைப்பேசியிலிருந்து கேள்வியை வாசித்து, எல்லாரும் விடையை எழுதி உயர்த்திக் காட்டச் செய்யலாம். நான்கு விடைகளையும் வாசிக்காமல் கேள்வியை மட்டும் வாசித்தால் மீட்டலும் முழுமையாகும். வீட்டில் பெற்றோர் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு: விளையாடி முடித்த பிள்ளையிடம் எத்தனை புள்ளிகள் என்று கேட்காமல், எந்தக் கேள்வி தவறியது, அதன் சரியான விடை என்ன என்று கேளுங்கள்.