எலும்பில் நடக்கும் தாறுமாறான மராமத்து

எலும்பு உயிரற்ற பொருள் அல்ல. அதில் ஒரு வகை செல்கள் பழைய எலும்பை அரித்தெடுக்க, இன்னொரு வகை செல்கள் அங்கே புதிதாகக் கட்டுகின்றன. கேங்மேன்கள் பழைய ஸ்லீப்பரை அகற்றிப் புதியதைப் போடுகிறார்கள் அல்லவா, அதைப் போலத்தான். ரயில் பாதையிலேயே காலம் கழித்த எனக்கு இப்படிச் சொன்னால்தான் புரிகிறது. அகற்றும் கூட்டம் வெறி பிடித்தாற்போல் அகற்ற, போடும் கூட்டம் அவசரமாகக் கோணல்மாணலாக அடுக்கினால்? எலும்பு பருக்கும், வலு இராது. இதுவே பாஜெட் நோய். லண்டன் அறுவை மருத்துவர் சர் ஜேம்ஸ் பாஜெட் 1877-இல் இதை விவரித்து எழுதினார். பிரிட்டனில் அதிகம், நம் நாட்டில் அபூர்வம். அதனாலேயே சட்டென்று யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

என் மைத்துனருக்கு 63 வயதில், வேறெதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் நான்கு மடங்கு இருந்தது. கல்லீரல் கோளாறு என்று மூன்று மாதம் மருந்து கொடுத்தார்கள். இந்த என்ஸைம் கல்லீரலிலும் உண்டு, எலும்பிலும் உண்டு. ஜி.ஜி.டி. என்ற பரிசோதனை இயல்பாக இருந்தால் எலும்பின் மேல்தான் சந்தேகம் போக வேண்டும். அவருக்கு அது இயல்பு. கால்சியம், பாஸ்பரஸ் அளவுகளும் சரியாகவே இருந்தன. இந்நோயில் பெரும்பாலும் அப்படித்தான்.

பிறகு எக்ஸ்ரே. எலும்பு பெருத்து, ஓரம் தடித்து, உள்வரிகள் முரடாகத் தெரியும். இடுப்பு, முதுகெலும்பு, தொடை, முழங்கால் கீழ் எலும்பு, மண்டையோடு ஆகியவையே இது விரும்பும் இடங்கள். எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதை டெக்னீஷியம் ஊசி போட்டு எடுக்கும் எலும்பு ஸ்கேன் காட்டிவிடும். ஆனால் ஸ்கேனில் பளிச்சென்று தெரிவதெல்லாம் பாஜெட் அல்ல. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் அப்படித் தெரியும். ஆகவே ஸ்கேனையும் எக்ஸ்ரேயையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஐயமிருந்தால் திசுப் பரிசோதனையும் உண்டு.

நோய் இருக்கிறது என்று அறிவதோடு வேலை முடியவில்லை. உடல் எடையைத் தாங்கும் எலும்பா? மூட்டருகிலா? வலி எலும்பினாலா, தேய்ந்த மூட்டினாலா? மண்டையோடு என்றால் காது கேட்கிறதா? தொந்தரவில்லாத பலருக்கு மருந்தே வேண்டாம், கண்காணித்தால் போதும். தேவைப்பட்டால் ஜோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம், ஒரே முறை டிரிப்பில். அதற்கு முன் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்காமல் கை நீட்டக்கூடாது.

ஆறு மாதத்தில் மைத்துனரின் ரத்த அளவு இயல்புக்கு வந்தது, தொடை வலியும் குறைந்தது. மண்டையோட்டிலும் நோய் இருந்ததால் போன வலது காதுச் செவித்திறன் மட்டும் திரும்பவில்லை. அது பொதுவாகத் திரும்புவதில்லையாம்.