கயிற்றுக்குப் பதில் கடல்

கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்று தெற்கே பார்த்தால் பூநகரிக் கரைவரை பரவைக்கடல் விரிந்து கிடக்கும். மீன்பிடிக்கக் களங்கண்டி கட்டுகிறவர்கள் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோயே தடி ஊன்றுவார்கள். இந்தப் பரவைக்கடலின் பெரும்பகுதி ஒன்றிரண்டு மீற்றர் ஆழம்தான்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. அதாவது 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கடலடியில் படிந்தது. ஸ்பெயினின் மயோர்க்காத் தீவின் தென்கிழக்குக் கரையும் அதே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்தான். அங்கே அது கடலிலிருந்து 10, 20 மீற்றர் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. இங்கே தட்டையாகக் கிடக்கிறது. எழுந்து நின்ற அந்தக் கல்லில்தான் ஆழ்நீர்த் தனியேற்றம் என்ற விளையாட்டு வளர்ந்தது.

கயிறு இல்லை, இடுப்புப் பட்டி இல்லை, பாறையில் அடித்த ஆணியும் இல்லை. றப்பர் அடி வைத்த இறுக்கமான சப்பாத்து, வியர்வையை உறிஞ்ச மக்னீசியம் காபனேற்றுப் பொடி, அவ்வளவுதான். கை வழுக்கினால் கீழே கடல். 1978 இல் மிக்கேல் றியேரா என்ற மயோர்க்கா இளைஞர் தோழர்களோடு பல்மா நகரை ஒட்டிய போர்ட்டோ பீ பாறைகளில் இப்படி ஏறத் தொடங்கினார். அவர்கள் இதற்கு இட்ட பெயர் சைக்கோபிளாக். இங்கிலாந்தின் டோர்செற் கரையிலும் இதே பழக்கம் தனியாக வளர்ந்தது. பின்னர் தாய்லாந்தின் கிராபி வரை பரவியது.

உயரமான பாறையெல்லாம் இதற்கு உதவாது. பாறை கடலின்மேல் முன்தள்ளி நிற்கவேண்டும்; அப்போதுதான் விழுகிற உடல் பாறையில் மோதாமல் நேரே தண்ணீரில் இறங்கும். மயோர்க்காவில் அலை நீர்மட்டத்தில் கல்லைக் குடைந்து உட்குழித்திருப்பதால் மேற்பாறை தானாகவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொரு வசதி, மத்தியதரைக் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு. கிராபியில் அப்படியில்லை. காலையில் ஆழமாக இருந்த இடத்தில் பின்னேரம் பாறை தலைகாட்டும். அதனால் அங்கே நீர்மட்டம் பார்த்துத்தான் ஏறுகிறார்கள்.

விழுவதன் கணக்கைப் பார்த்தால் இது வெறும் துணிச்சல் இல்லை என்பது விளங்கும். 10 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறவர் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் தண்ணீரைத் தொடுவார். 20 மீற்றர் என்றால் 71 கிலோமீற்றர். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. கால்களைச் சேர்த்து, கைகளை உடலோடு ஒட்டி, நிமிர்ந்து இறங்கினால் அந்த வேகம் மெதுவாகத் தணியும். 10 மீற்றரிலிருந்து விழுந்தவர் 3 மீற்றர் தூரத்தில் நிற்பதாக வைத்துக்கொண்டால், வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சராசரி மூன்று மடங்கு சொச்சம்தான். முதுகு தட்டையாக விழுந்து 30 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிட்டால் அதுவே முப்பது மடங்கைத் தாண்டும். ஒரே உயரம், ஒரே கடல். விழுந்த விதம் ஒன்றுதான் வேறு. ஆகையால் தேர்ந்தவர்கள் ஏறப் பழகுவதற்கு முன்பே விழப் பழகுகிறார்கள்.

விழுந்த பிறகும் வேலை முடிவதில்லை. நனைந்த சப்பாத்து வழுக்கும், பொடி சேறாகும். அடுத்த முயற்சிக்கு உலர்ந்த சப்பாத்தும் வேறு பொடிப் பையும் வேண்டும். பாறையின் அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசு கையைக் கிழிக்கும். கடல் கொந்தளித்தால் செங்குத்துப் பாறையடியிலிருந்து கரையேற வழியே இருக்காது. விழுந்த அடியில் தப்பியவரும் மூழ்கிப்போகலாம் என்பதால் நல்ல நீச்சலும் காவலுக்கு ஒரு படகும் கட்டாயம்.

இந்த விளையாட்டின் உச்சம் என்று எஸ் பொந்தாஸைச் சொல்லலாம். மயோர்க்காவின் சந்தாஞி கரைக்கு அப்பால் கடலுக்குள் தனியே நிற்கும் கல்வளைவு அது. அதன் அடிப்புறமாகத் தொங்கி ஏறும் வழியை 2006 இல் முதலில் முடித்தவர் கிறிஸ் ஷர்மா. பெயர் ஷர்மா என்றாலும் அமெரிக்கர். பெற்றோர் பாபா ஹரிதாஸ் என்ற இந்தியத் துறவியைப் பின்பற்றியவர்கள். வழியின் நடுவே இரண்டு கைகளையும் விட்டு இரண்டு மீற்றருக்கு மேல் பாய்ந்து அடுத்த பிடியைப் பற்றவேண்டும். அந்த ஒரு பாய்ச்சலில் மட்டும் அவர் பலமுறை கடலில் விழுந்தார். இரண்டாவதாக அதை முடித்தவர் ஸ்லோவேனியாவின் யெர்னெய் க்ரூடர், பத்து ஆண்டுகள் கழித்து 2016 இல்.

கடல் இல்லாத ஊருக்கும் இது போய்விட்டது. 2013 இல் அமெரிக்காவின் யூட்டா ஒலிம்பிக் பூங்காவில், பனிச்சறுக்கு வீரர்கள் குட்டிக்கரணம் பழகும் குளத்தின்மேல் சுமார் 15 மீற்றர் உயரச் செயற்கைச் சுவர் எழுப்பி, இருவர் இருவராக ஏறவிட்டுப் போட்டி நடத்தினார்கள். முன்சாய்வு, ஆழம், பிடியின் அளவு எல்லாம் முன்பே அளந்து வைத்தவை. இயற்கைப் பாறையில் கிடைக்கிற பரவசம் சுவரில் இல்லைதான். ஆனால் பாதுகாப்பாகக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

இலங்கையில் உயரமும் ஆழமும் சேர்ந்த இடம் என்றதும் திருகோணமலையின் சுவாமிமலை நினைவுக்கு வரும். மைக் வில்சன் என்ற சுழியோடி 1956 இல் கோயில் சிதைவுகளைக் கண்ட கடல் அதன் அடியில்தான் இருக்கிறது. அது கோணேசரின் திருத்தலம். விளையாட்டுக்கு உரிய இடமல்ல. உயரமும் ஒவ்வாது: 100 மீற்றரிலிருந்து விழுந்தால், காற்றின் தடையைக் கழித்தாலும் வேகம் மணிக்கு 130 கிலோமீற்றரைத் தாண்டும்.

யாழ்ப்பாணத்துக் கல்லையும் தண்ணீர் கரைத்துத்தான் வந்திருக்கிறது, ஆனால் கீழ்நோக்கி. புத்தூர் நிலாவரை அப்படி உருவான பள்ளம். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். கேணியிலும் கிணற்றிலும் குதித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு உயரம் பயமில்லை. பயப்படவேண்டியது ஆழம் தெரியாத தண்ணீருக்கு. பரவைக்கடலில் வள்ளத்திலிருந்து தலைகீழாகப் பாய்கிறவரின் தலை அடிநிலத்தில் முட்டினால் கழுத்தெலும்பு முறிந்து, கைகால் வாழ்நாள் முழுக்க வழங்காமல் போகலாம். அதற்கு ஒரு மீற்றர் உயரமே போதும்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றத்தைப் பழக்க மலை தேவையில்லை. 10 மீற்றர் மேடையிலிருந்து பாயும் சர்வதேசப் போட்டிக் குளங்களின் ஆழம் சுமார் 5 மீற்றர். அதே ஆழத்தில் ஒரு குளம், அதன்மேல் முன்சாய்ந்த ஏழெட்டு மீற்றர்ச் சுவர், கரையேற ஏணி, கண்வைத்திருக்க உயிர்காப்பாளர் ஒருவர் இருந்தால் கொழும்புத்துறையிலும் தொடங்கலாம்.